வீட்டுக்கு வந்து எங்கள் நாய் தும்பையை வழியனுப்பிய டாக்டர், அப்புறம் அந்தத் தகனக் கூடம்

ராத்திரி இரண்டு மணிக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு "நாய்க்கு வீட்டுக்கே வந்து கருணை ஊசி போடுவார்களா" என்று தமிழில் தேடியவள் நான். கண்ணில் பட்டதெல்லாம் நாய்த் தீனி, முடி வெட்டும் கடை, குட்டி விற்பனை. எல்லாம் முடிந்து இப்போது ஆறு வாரம் ஆகிறது. அன்றைக்கு நான் தேடியதை இன்றைக்கு வேறு யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இரண்டு சேவைகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஒன்று, வீட்டுக்கு வந்த கால்நடை டாக்டர். இன்னொன்று, உடலை எடுத்துப் போய் எரித்துச் சாம்பலைக் கொடுத்த இடம். டாக்டர் தன் பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தனி ஆள், தாம்பரத்தைச் சுற்றித்தான் போகிறார், ஏற்கெனவே ராத்திரியில் போன் ஓய்வதில்லையாம். தகன இடத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். பெயர் இல்லாவிட்டாலும், நீங்கள் யாரிடம் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது இதைப் படித்தால் தெரியும்.

முதலில் தும்பை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் முழுகியது எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த இரண்டாம் நாள், கட்டி முடிக்காத ஒரு அப்பார்ட்மென்ட் மாடிப்படியில் என் தம்பி அவளைப் பார்த்தான். ஒரு வயது இருக்கும். ராஜபாளையம் சாதி, உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், கழுத்தில் அறுந்த கயிறு. எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லையாம், பயத்தில் அப்படி இருக்கிறாள் என்று நினைத்துத் தூக்கி வந்துவிட்டான். சேற்றைக் கழுவி வெயிலில் விட்டதும் அம்மாதான் "தும்பப் பூ மாதிரி இருக்கா பாரேன்" என்றாள், அதுவே பெயராகிவிட்டது. நாலைந்து நாள் கழித்து அவள் தலைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது, காதுகூட அசையவில்லை. அப்போதுதான் புரிந்தது, அவளுக்குக் காது கேட்காது. முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் அடிக்கடி பிறக்கும், வெள்ளை நிறத்துக்குக் காரணமான அதே குறைதான் உள்காதையும் பாதிக்கிறது. காவலுக்கு என்று வாங்கியவர்கள், கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவிழ்த்து விட்டிருப்பார்கள். கயிற்றைப் பார்த்தால் அவிழ்த்துக்கூட விடவில்லை, அவளே அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அப்பா சொல்லுவார்.

அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே சைகை. உள்ளங்கையைத் தரைப்பக்கம் இறக்கினால் 'படு'. கட்டை விரலால் நெற்றியில் ஒரு தடவு தடவினால் 'நல்ல பொண்ணு'. தூரத்தில் இருந்தால் தரையில் காலைத் தட்டுவோம், அதிர்வு தெரிந்து திரும்புவாள். எல்லாவற்றையும் விட முக்கியம், 'போயிட்டு வர்றேன்' சைகை. நெஞ்சில் கை வைத்து, அப்புறம் அந்தக் கையை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்ட வேண்டும். காது கேட்காத நாய் தூங்கி எழும்போது வீட்டில் ஆள் இல்லை என்றால் தவித்துப் போகும், யாரும் கிளம்பின சத்தம் அதற்குத் தெரிந்திருக்காதே. அதனால் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி, இதைக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவோம். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட இதைத் தவறவிட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் தண்ணீர் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தாள், எடை குறைந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 1903-இல் ஆரம்பித்த கல்லூரி அது, ஆடு, மாடு, கிளி, நாய் எல்லாம் ஒரே வளாகத்தில் வரிசையில் நிற்கும், காலையிலேயே போய்விட வேண்டும், பாதி நாள் போய்விடும், ஆனால் பரிசோதனை என்று வந்தால் அவர்களை நான் நம்புவேன். ரத்தமும் ஸ்கேனும் பார்த்து நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு என்றார்கள். அன்றைக்கு கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கும் கழிவு, 3.4. உப்பைக் குறைத்து, பாஸ்பரஸ் குறைவான சாப்பாடு கொடுத்து, வீட்டிலேயே தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவத்தை ஏற்றப் பழகிக்கொண்டோம். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டி, பிடரியில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி ஊசியைச் செருக வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கிய நடுக்கத்துக்கு அவள் திரும்பி என் மணிக்கட்டை நக்கினாள். அப்படியே நாலு மாதம் ஓடியது. மார்ச் முதல் வாரத்தில் கிரியாட்டினின் 7-ஐத் தாண்டிவிட்டது. 5-க்கு மேல் போனாலே கடைசிக் கட்டம். வாயில் புண், மூச்சில் அந்த அமோனியா வாடை, சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது. டயாலிசிஸ் பற்றியும் பேசினோம். சிறுநீரகம் திடீரென்று கெட்டால் அது தேறும்வரை டயாலிசிஸ் உதவும், இவளுடையது மெல்ல மெல்லச் சுருங்கிப் போனது, நாள் மட்டும்தான் நீளும் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "தூக்கிட்டு வாங்க மேடம், பத்து நிமிஷ வேலைதான்" என்றார். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, அவள் எழுந்து நிற்கவே ஆள் பிடிக்க வேண்டும், வெளியே வண்டி என்றாலே நடுங்குகிறவள். வீட்டுக்கு வர முடியுமா என்றால் "டாக்டர் வரமாட்டாரு". பத்து நிமிஷ வேலை என்ற அந்தச் சொல் இன்னமும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் தெருவில் நாய்களுக்குச் சாப்பாடு போடும் அக்கா ஒருவர் இந்த டாக்டர் நம்பரைக் கொடுத்தார். போனில் அவர் முதலில் கேட்டது அவள் பெயரை. அடுத்து எடை, என்ன மருந்து ஓடுகிறது, கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னைக்கு ஊசி போட வரலை, பாக்க மட்டும் வர்றேன்" என்றார். வந்தார். வாசலில் நின்றபடி, காது கேட்காது என்று நான் சொன்னதை நினைவு வைத்து, தரையில் காலைத் தட்டினார். தும்பை தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்து, அவள் கண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து, மூக்குக்குக் கீழே கையை நீட்டினார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ டாக்டர்கள் பின்னாலிருந்து தொட்டு அவளைத் தூக்கிவாரிப் போட வைத்திருக்கிறார்கள். இவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் உருவாக்கிய அளவுகோலாம், அதைத் தமிழில் தானே கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். ஏழு கேள்வி: வலி எவ்வளவு அடங்கியிருக்கிறது, சாப்பிடுகிறதா, உடம்பில் நீர் இருக்கிறதா, சுத்தமாக இருக்க முடிகிறதா, சந்தோஷமாக இருக்கிறதா, நடமாட்டம் எப்படி, கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 70-இல் 35-க்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். வீட்டில் ஆளுக்கு ஒரு தாள், ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பார்க்காமல் போடுங்கள் என்றார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் அதுவரை ஒருவருக்கொருவர் பேச முடியாமல் இருந்தோம், அம்மா "வேணாம்" என்பாள், தம்பி எழுந்து போய்விடுவான், அப்பா பேப்பரைத் திறந்துகொள்வார். மூன்று நாள் கழித்துத் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் நான் 19, தம்பி 22, அப்பா 20. அம்மா 17 போட்டிருந்தாள். எல்லோரையும் விடக் குறைவு. அவள் பாயில்தானே தும்பை படுப்பாள், ராத்திரி முழுக்க யார் விழித்திருந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

தினசரி காலண்டரில் நாள் குறித்தோம். வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி.

காலையில் அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்தாள். உப்பு ஆகாது என்று நாலு மாதமாக வீட்டில் கருவாடே கிடையாது. வாடை போனதும் தும்பை மூக்கைத் தூக்கினாள், கண் கொஞ்சம் விரிந்தது, ஒரு துண்டை நக்கினாள். சாப்பிடவில்லை. டாக்டரிடம் முன்னாடியே கேட்டிருந்தோம், எது பிடிக்குமோ கொடுங்கள், சாப்பிடாவிட்டால் வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அவர் வந்ததும் பையைத் திறக்கவில்லை. எங்களை உட்கார வைத்து, என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார். முதல் ஊசி தசையில், வெறும் தூக்க மருந்து, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் அசந்துவிடுவாள். பிறகு முன்னங்காலில் முடியை மழித்து, நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாயான வென்ஃப்ளான் போடுவார், அது அவளுக்குத் தெரியாது. அதன் வழியாக மயக்க மருந்தை மிக அதிக அளவில் ஏற்றுவார், முதலில் நினைவு போகும், அப்புறம் மூச்சு, கடைசியில் இதயம். கண் மூடாது, திறந்தே இருக்கும், பயப்படாதீர்கள். நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல இருக்கலாம், தோல் துடிக்கலாம், சிறுநீர் போகலாம், அவள் திரும்பி வருகிறாள் என்று அர்த்தமில்லை, வலியும் இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னதற்காக மட்டுமே அவருக்கு நான் வாழ்நாளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அந்த இழுப்பு வந்தது. சொல்லியிருக்காவிட்டால் அம்மா தாங்கியிருக்க மாட்டாள்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "தூங்கச் சொல்லும்போது என்ன காட்டுவீங்க?" தம்பி உள்ளங்கையை இறக்கிக் காட்டினான். "நான் ஊசியை எடுக்கறப்போ அதைக் காட்டுங்க. வேற யாரும் வேற எதுவும் காட்ட வேணாம், அவ குழம்பக் கூடாது."

அப்பாவுக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போகிறேன் என்று எழுந்தவர், வாசல்படியில் பழக்க தோஷத்தில் நின்று, தும்பையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, கையை விரித்துக் காட்டினார். போயிட்டு வர்றேன். அவர் என்ன செய்தார் என்பது அவருக்கே செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். தும்பை அவரைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, எப்போதும் செய்வது போல முன்னங்கால் மேல் தலையை வைத்துக்கொண்டாள். வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும், பத்து வருஷமாக வந்திருக்கிறாரே.

டாக்டர் ஊசியை எடுக்கவில்லை. "அய்யா வரட்டும்" என்றார். "அப்பா கீழே வரமாட்டார் டாக்டர், நீங்க ஆரம்பிங்க" என்றேன் நான். "அவர் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார் இல்ல" என்றார். போனை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டார். நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அம்மா அவள் காதை நீவிக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் இருக்கும், அப்பா இறங்கி வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். யாரையும் பார்க்காமல் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "காட்டிட்டுப் போனேன், வராம இருக்க முடியுமா" என்று சொல்லிக் கட்டை விரலை அவள் நெற்றியில் வைத்தார். நல்ல பொண்ணு.

மற்றதெல்லாம் டாக்டர் சொன்ன வரிசையில் நடந்தது. தம்பி கையை இறக்கினான், அவள் படுத்தே இருந்தாலும் இன்னும் கொஞ்சம் உடம்பைத் தளர்த்திக்கொண்டாள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார், அவசரமாக எடுக்கவில்லை. மணி 3:52. அது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவரும் கேட்காமலே சொன்னார். போவதற்கு முன் கால்களை மடக்கி, அவள் தூங்குவது போலவே சுருட்டி வைத்தார், இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், அப்புறம் மடக்க வராது என்று. வாய்ப்பக்கமும் பின்பக்கமும் பழைய துண்டு வைக்கச் சொன்னார். இரண்டு முறை வந்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து 3,500 ரூபாய்தான். அதையும் அன்றைக்கு வாங்கவில்லை, "அடுத்த வாரம் அனுப்புங்க" என்றார். ஐந்துக்கு ஐந்து.

தகனக் கூடத்துக்கு ஐந்துக்கு இரண்டரைதான் கொடுப்பேன், அந்த இரண்டரையும் உள்ளே வேலை பார்த்த ஒரு பெரியவருக்காக. போனில் பதிவு செய்தபோது ஐந்து மணிக்கு வண்டி என்றார்கள், ஏழரைக்கு வந்தது. மார்ச் வெயில், எங்கள் வீட்டில் ஏசி கிடையாது, தம்பி மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்து துணியில் சுற்றி அடியில் வைத்தான். வண்டியில் வந்தவர் "பாடி எத்தனை கிலோ?" என்று கேட்டார். அவர் வேலை அது, எடைக்கு ஏற்பக் கட்டணம், புரிகிறது, ஆனாலும் வாசலில் நிற்கும் அம்மாவைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். 18 கிலோ. நன்றாக இருந்தபோது 26.

அங்கே போனதும்தான் பெரிய பிரச்சினை. தனியாக எரிப்பதற்குப் பணம் கட்டியிருந்தோம், தனி என்றால் 5,000, கூட்டாக என்றால் அதில் பாதி, சாம்பல் கிடைக்காது. கவுன்டரில் இருந்தவர் "லேட்டாயிடுச்சு, இன்னும் ரெண்டு சின்னது இருக்கு, சேர்த்து வச்சிடலாமா, சாம்பல் பிரிச்சுக் குடுத்துடுவோம்" என்கிறார். எப்படிப் பிரிப்பார்கள்? தம்பி சத்தம் போட்டுவிட்டான். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். சான்றிதழில் அவள் பெயர் 'தும்பி' என்று வந்தது, இரண்டு முறை போன் செய்த பிறகு திருத்திக் கொடுத்தார்கள்.

அந்தப் பெரியவர் மட்டும், அம்மாவின் பழைய நூல் புடவையில் சுற்றியிருந்தவளைத் தட்டில் வைக்கும் முன் செருப்பைக் கழற்றினார். கழுத்துப் பட்டையைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டு, நாங்கள் பார்த்து முடிக்கும்வரை தள்ளி நின்றார். சாம்பலைச் சின்ன மண் கலயத்தில் போட்டு வாயில் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்தார், முக்கால் கிலோதான் இருக்கும், இன்னும் கதகதப்பாக இருந்தது.

நீங்கள் இப்படி ஒரு நாளுக்குத் தயாராகிறீர்கள் என்றால் சிலது சொல்கிறேன். டாக்டரிடம் "முதல்ல தூங்க வைப்பீங்களா?" என்று நேராகக் கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையை, குறிப்பாக இபுப்ரோஃபென் மாதிரியானதைக் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகம் போன நாய்க்கு அது விஷம், நல்ல நாய்க்கே ஆகாது. பணம் கட்டுவது, வண்டி சொல்வது எல்லாவற்றையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள், அன்றைக்கு யாராலும் போனில் பேச முடியாது. தகனக் கூடத்தில் தனியாக எரிப்பதை உள்ளே வைக்கும்வரை நின்று பார்க்க விடுவார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றும் துணி பருத்தியாக இருக்கட்டும், பிளாஸ்டிக், நைலான் வேண்டாம். சொந்த இடத்தில் புதைப்பதானால் குழி நாலு அடியாவது ஆழம் வேண்டும், அந்த மருந்து உடலில் அப்படியே தங்கும், தெருநாய் தோண்டித் தின்றால் அதுவும் செத்துப்போகலாம். சாம்பலைச் செடிக்குப் போடுவதானால் நிறைய மண்ணோடு கலந்து போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் வேர் கருகும். நாங்கள் கீழே முருங்கை மரத்தடியில் கலந்து போட்டோம், அவள் வெயில் காயும் இடம்.

ஒன்பதாம் நாள் டாக்டர் போன் செய்தார். அம்மா சாப்பிடுகிறாளா என்று கேட்டார், அப்பாவிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு தயங்கித் தயங்கி, ரிங்கர் பாட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றார். சேலையூரில் ஒரு கிழட்டு நாட்டு நாய், வைத்திருப்பவர் வாட்ச்மேன், தினம் ஒரு பாட்டில் வாங்க முடியவில்லையாம். பதினோரு பாட்டில் இருந்தது. ஏற்றும் குழாய் செட்டும் ஊசியும் பிரிக்காமல் இருந்தது. அப்பா ஒரு கட்டைப்பையில் எல்லாவற்றையும் அடுக்கி, அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்த நாய்க்குப் பெயர் மணியாம். அடுத்த ஞாயிறும் போனார்.